நடுங்காத கோடு

தையல்நாயகிக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். நாற்காலியின் முதுகில் 'சிறப்பு விருந்தினர்' என்று ஒரு தாளை ஒட்டி, நாலு மூலையிலும் செல்லோடேப் போட்டிருந்தார்கள். சாய்ந்தால் தாள் கசங்கிவிடுமே என்று அவள் வந்ததிலிருந்து நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். காலை பதினொரு மணி. ஜூலை பதினொன்று, உலக மக்கள்தொகை நாள். முப்பத்தோரு வருஷம், அதில் பாதிக்கு மேல் கடற்கரைக் குப்பங்களில், கிராம சுகாதார நர்ஸாக இருந்து, ஓய்வு பெற்றுப் பதிமூன்று வருஷமும் ஆன தன்னை இந்த நாகப்பட்டினத்துப் பெண்கள் கல்லூரிக்காரர்கள் எங்கிருந்து தேடிப் பிடித்தார்கள் என்று அவளுக்கு விளங்கவில்லை. போனில் கூப்பிட்ட பெண், "குடும்பநலத் திட்டத்துல உங்க சேவைக்காகப் பொன்னாடை போத்துறோம்மா, நீங்க ரெண்டு வார்த்தை பேசினா போதும்" என்றாள். அந்த ரெண்டு வார்த்தையை மூன்று நாளாகத் திருவாரூர் வீட்டில் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சொல்லிப் பார்த்தபோதுதான் குரல் எவ்வளவு கரகரத்துப் போயிருக்கிறது என்று தெரிந்தது. பேச்சே இல்லாத குரல். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த கணவர் போய் ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை, பால்காரரிடம் 'அரை லிட்டர்' என்று சொல்வதோடு சில நாள் பேச்சு முடிந்துவிடும், கதவில் பையை மாட்டிவைத்தால் அதுவும் வேண்டாம். ஒருமுறை வெந்நீர் காலில் கொட்டியபோது 'அம்மா' என்று கத்திவிட்டு, வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். இப்போது பின்னால் முந்நூறு பெண்கள் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மழை தகரத்தில் விழுகிற மாதிரி இருந்தது. இதில் ஒரு பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒரு வாரத்துக்கு வரும் என்று நினைத்தாள். நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

விளக்கை அணைத்தார்கள். பேச வந்திருந்த மதிவதனி என்ற பேராசிரியைக்கு முப்பது வயதிருக்கும், சேலைக்குக் கீழே ஷூ போட்டிருந்தாள், கையில் சிவப்புப் புள்ளி அடிக்கிற பேனா. திரையில் ஒரு கோடு வந்தது. "இதுதான் நம்ம நாட்டோட மக்கள்தொகை வளர்ச்சி விகிதம். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை எவ்வளவு சதவீதம் கூடியிருக்குன்னு அர்த்தம்" என்றாள். கோடு இடது ஓரத்திலேயே ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்றாம்; விஷக்காய்ச்சலில் ஜனம் செத்து, நூறு வருஷத்தில் அந்த ஒரு தடவை மட்டும் கோடு பூஜ்யத்துக்குக் கீழே போயிற்றாம். அப்புறம் ஏறிற்று. மடமடவென்று ஏறி, எழுபத்தொன்றில் இருபத்து நாலு புள்ளி எட்டு என்று உச்சியில் நின்றது. அப்போது எனக்குப் பதினேழு வயசு, என்று நினைத்துக்கொண்டாள் தையல்நாயகி. ஒரே வீட்டில் ஏழு பேர், ஒரு போர்வைக்கு மூன்று பேர். பக்கத்தில் படுத்திருக்கிற தங்கச்சியின் முழங்கால் விலாவில் குத்தும். தனியாகப் படுக்க ஒரு நாள் கிடைக்காதா என்று அழுதிருக்கிறாள். கிடைத்தது. நன்றாகவே கிடைத்தது. சிவப்புப் புள்ளி உச்சியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தது. எண்பத்தொன்று, தொண்ணூற்றொன்று, இரண்டாயிரத்து ஒன்று, இரண்டாயிரத்துப் பதினொன்றில் பதினேழு புள்ளி ஏழு. "இந்த இறக்கம் தானா வந்துடலை. பெண் கல்வி, சுகாதாரம், குழந்தை சாவு குறைஞ்சது, அப்புறம் ஆயிரக்கணக்கான களப்பணியாளர்களோட உழைப்பு. அதுல ஒருத்தங்க இன்னைக்கு நம்ம முன்னாடி உக்காந்திருக்காங்க" என்று மதிவதனி கையை நீட்டினாள். கைதட்டினார்கள். எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதால் தையல்நாயகி முந்தானையைச் சரிசெய்தாள். அந்தச் சரிவு முழுக்கத் தன் குதிகால் தடம் தெரிகிற மாதிரி இருந்தது. மணலில் நடந்தால் நடை பாதிதான் முன்னால் போகும், மீதி உள்ளே புதையும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குடும்பநலச் சிவப்பு முக்கோணம் போட்ட பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மீன் காயப்போட்ட பாயையெல்லாம் சுற்றிச் சுற்றிப் போய், ஒவ்வொரு வாசலிலும் 'எத்தனை புள்ளைம்மா?' என்று கேட்ட நடை.

அவர்கள் சும்மா விடமாட்டார்கள். "ஒங்களுக்கு எத்தனை நர்ஸம்மா?" என்று கேட்பார்கள், தெரிந்தே. இல்லை என்றால் சிரித்துக்கொண்டு, "அதான் கதவைச் சாத்தச் சொல்லி ஊரெல்லாம் சுத்துறீங்க" என்பார்கள். அவளும் சிரித்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போவாள். வருஷத்துக்கு அறுபது கருத்தடை ஆபரேஷன் கேஸ் சேர்க்க வேண்டும், மார்ச் முப்பத்தொன்றுக்குள். தொண்ணூற்றைந்தில் மார்ச் இருபத்தாறு வரைக்கும் ஐம்பத்தொன்பது. பிளாக் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "ஒரு கேஸ், ஒரே ஒரு கேஸ் கொண்டுவர முடியாதா உங்களால?" என்றார் மேலதிகாரி. அந்த ஒன்றுதான் நல்லமுத்துக்குப்பத்துச் சிங்காரவல்லி. இருபத்து நாலு வயசு. மூன்று வயசில் கவியரசன், ஒன்றரை வயசில் பிரியதர்சினி. அந்தக் குட்டி எதைக் கொடுத்தாலும் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும், ஒருநாள் இவளுடைய பேனா மூடியைக் கடித்துக் கொடுத்தது, பல் பதிந்திருந்தது. அந்த வீட்டுக்கு ஏழு தடவை போனாள். மாமியார், "கடலுக்குப் போற வீட்டுல ரெண்டு எப்படிம்மா போதும்?" என்றாள். புருஷன் அஞ்சப்பன் பேசவே இல்லை, வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். ஏழாவது தடவை சிங்காரவல்லி வாசல் வரைக்கும் கூடவே வந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கும் உடம்பு முடியலதான் நர்ஸம்மா. ஆனா பயமா இருக்கு. இதுங்களுக்கு ஒண்ணுன்னா என்ன பண்ணுவேன்?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சொல்ல வேண்டிய பதிலைப் பயிற்சியிலேயே கொடுத்திருந்தார்கள்: தடுப்பூசி போட்டாச்சு, இப்பல்லாம் குழந்தைங்க சாகிறது குறைஞ்சுபோச்சு. அதைச் சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அன்றைக்கு வெயில், தாகம், மீட்டிங்கில் நின்ற அவமானம், எல்லாம் சேர்ந்து, அவள் சிங்காரவல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் நல்லா இருக்கும். நான் சொல்றேன். நான் பொறுப்பு" என்றாள். நான் பொறுப்பு. யார் சொல்லச் சொன்னது? மறுநாள் ஜீப் வந்தது. அறுபது நிறைந்தது. மேலதிகாரி டீ வாங்கிக் கொடுத்தார். பிஸ்கட்டும் இருந்தது என்பது ஏன் இத்தனை வருஷம் கழித்து ஞாபகம் வருகிறது, அதுவும் டீயில் ஊறிக் கீழே விழுந்த பாதி பிஸ்கட்.

சிவப்புப் புள்ளி இரண்டாயிரத்து ஒன்றுக்கும் பதினொன்றுக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது. தையல்நாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அங்கேதான் எங்கேயோ இருக்க வேண்டும், நடுவில், கொஞ்சம் இடதுபக்கமாக. இரண்டாயிரத்து நாலு, டிசம்பர் இருபத்தாறு. விஷக்காய்ச்சலுக்கு அவ்வளவு பெரிய பள்ளம் போட்டிருக்கிறார்களே, இதற்கு ஒரு சின்னச் சொட்டையாவது இருக்காதா? ஒரு நூலளவு நெளிவு? இல்லை. கோடு அந்த இடத்தைக் கடக்கும்போது கொஞ்சம்கூட நடுங்கவில்லை. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போயிற்று. இந்த ஜில்லாவில் மட்டும் ஆறாயிரம் பேர். நூறு கோடிக்கு ஆறாயிரம் என்றால் எத்தனை என்று மனசுக்குள் வகுக்க ஆரம்பித்து, சைபர்களில் வழி தவறி, விட்டுவிட்டாள். அப்போது அவளுக்குக் கடற்கரையை விட்டு உள்பக்கத்து ஊருக்கு மாற்றலாகி ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் நிவாரண வேலைக்கு அழைத்தார்கள். கல்யாண மண்டபத்தில் ஜனத்தை வைத்திருந்தார்கள். மணமேடையில் அரிசி மூட்டை, பந்தி ஹாலில் பாய் பாயாக மனிதர்கள், பிளீச்சிங் பவுடர் நெடி. அவள் நோட்டை வைத்துக்கொண்டு பெயர் எழுதி வந்தாள். இல்லாதவர்கள் பெயர், வயது, உறவு. முன்பின் தெரியாத ஒரு பெண், மகன் எட்டு வயசு, மகள் பத்து வயசு என்று சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி, "பதினொண்ணு. அவளுக்கு முந்தாநாளு பதினொண்ணு முடிஞ்சிச்சி" என்றாள். அவளுக்குப் பின்னால், நாலு பாய் தள்ளி, தூணில் சாய்ந்து சிங்காரவல்லி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. அலை வந்தபோது அஞ்சப்பன் கடலுக்குள் இருந்தான். ஆழத்தில் படகுக்கு ஒன்றும் தெரியவில்லையாம், மீனோடு திரும்பி வந்தானாம். வீட்டில் இருந்தவர்கள்தான் போனார்கள், பிள்ளைகள் இரண்டும், மாமியாரும். தையல்நாயகிக்கு அது அந்த நோட்டைக் கையில் வாங்கியபோதே தெரிந்திருந்தது; முந்தின பக்கத்தில், வேறொருவர் கையெழுத்தில், கவியரசன் பன்னிரண்டு, பிரியதர்சினி பதினொன்று. நாலே நாலு பாய். போயிருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்திருக்கலாம், அவளை அறையச் சொல்லியிருக்கலாம். நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மணமேடைக்குப் பின்பக்கமாகச் சுற்றி, பாத்திரம் கழுவுகிற இடத்து வழியாக வெளியே வந்து, ஜீப் டிரைவரிடம் "தலை வலிக்குது, வேற கேம்ப்புக்குப் போகலாம்" என்றாள். அங்கேயும் போய் எழுதினாள். அழகாகவே எழுதினாள், அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"இனிமே வர்றது புள்ளிக் கோடு" என்றாள் மதிவதனி. "இது நடந்தது இல்லை, நடக்கும்னு கணக்குப் போட்டது. இன்னும் முப்பத்தஞ்சு நாப்பது வருஷம் நாம கூடிக்கிட்டுத்தான் இருப்போம், நூத்தி எழுபது கோடி வரைக்கும். அப்புறம் இறங்குவோம். நம்ம தமிழ்நாடு அதுக்கு ரொம்ப முன்னாடியே. ஒரு பெண்ணுக்குச் சராசரியா ரெண்டு குழந்தைக்கும் குறைவாயிடுச்சு. கிழவங்க கூடுவாங்க, ஸ்கூல் காலியாகும். அதனாலதான் இப்ப சிலபேரு நிறையப் பெத்துக்குங்கன்னு சொல்ல ஆரம்பிச்சிருக்காங்க." பின்னால் முந்நூறு பெண்களும் 'ஓ' என்று இழுத்துச் சிரித்தார்கள். தையல்நாயகி சிரிக்கவில்லை. இந்தப் பெண்கள் வீட்டு வாசலுக்கு இன்னொருத்தி வருவாள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, இன்னொரு பையோடு. 'ஒண்ணு போதாதும்மா' என்பாள். அவளுக்கும் ஒரு மார்ச் மாதம் இருக்கும். அவளும் யார் கையையாவது பிடித்துக்கொண்டு 'நான் பொறுப்பு' என்று சொல்லிவிடுவாளோ என்று நினைத்தாள். சுனாமிக்கு அடுத்த வருஷம், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெண்களுக்குக் குழாயைத் திரும்ப ஒட்டிவிடுகிற ஆபரேஷனை அரசாங்கமே இலவசமாகச் செய்தது. சிங்காரவல்லியும் போனாள் என்று காதில் விழுந்தது. குழந்தை பிறந்தது என்று ஒருத்தி சொன்னாள், இல்லை என்று இன்னொருத்தி சொன்னாள். சரியாக விசாரித்திருந்தால் ஒரு நாளில் தெரிந்திருக்கும். விசாரிக்கவில்லை. பிறந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினெட்டு, பத்தொன்பது வயசு, இந்த ஹாலில்கூட உட்கார்ந்திருக்கலாம் என்று தோன்றியது. தோன்றியதும் அவள் உடம்பெல்லாம் காதாகி, பின்னாலிருக்கிற இரைச்சலுக்குள் ஒரு குரலைத் தேட ஆரம்பித்தாள். யாருடைய குரல்? கேட்டிராத குரலை எப்படிக் கண்டுபிடிப்பது? இருபது வருஷமாக 'பிறந்திருக்கும்' என்று ஒரு நாளும் 'பிறந்திருக்காது' என்று ஒரு நாளுமாக ஓட்டியாயிற்று. பிறந்திருக்கும் என்கிற நாளில் சோறு இறங்கும். அதற்குள் யாரோ தோளைத் தொட்டு "மேடைக்கு வாங்கம்மா" என்றார்கள்.

பொன்னாடை நைலான். கழுத்தில் அரித்தது. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஞாபகத்தில்தான் இருந்தன: இந்தக் கௌரவம் எனக்கு மட்டும் கிடைத்தது இல்லை, என்னோடு வேலை பார்த்த அத்தனை பேருக்கும். வாயைத் திறந்தபோது வந்தது வேறு. "நல்லமுத்துக்குப்பத்துல சிங்காரவல்லின்னு ஒரு பொண்ணு. வேணாம்னு ஏழு தடவை சொன்னா. நான் பொறுப்புன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டுப் போனேன். ரெண்டு புள்ளையும் கடலோட போயிடிச்சி" என்றாள். மைக்கைத் திருப்பிக் கொடுத்தாள். கல்லூரி முதல்வர் அம்மாள் மெதுவாகக் கைதட்ட ஆரம்பிக்க, எல்லோரும் தட்டினார்கள், சில பெண்கள் எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள், ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மதிவதனி மட்டும் தட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றி சொன்ன பெண் "நெகிழ்ச்சியான உரை" என்றாள். மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள். பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் திருவாரூர் வண்டி புறப்படுகிற மாதிரி உறுமிக்கொண்டு நின்றது. ஏறுவதற்குக் கம்பியைப் பிடித்தவள், கையை எடுத்துவிட்டு, "நல்லமுத்துக்குப்பம் எதுல போகணும்?" என்று கேட்டாள். "ஊரா, சுனாமி குடியிருப்பா?" என்றார் டிரைவர். தெரியாது என்றாள். குடியிருப்பில்தான் இப்போது எல்லோரும் இருக்கிறார்கள் என்று பக்கத்து வண்டியைக் காட்டினார்.

ஒரே மாதிரி வீடுகள், வரிசை வரிசையாக, கடல் கண்ணில் படாத தூரத்தில். மூன்றாவது தெருவில் விசாரித்து, கடைசி வீட்டுக்குப் போனாள். வாசல் நிழலில் ஒரு பெண் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்தாள், கை நிற்கவில்லை. "நர்ஸம்மாதானே" என்றாள். "ஆமா" என்றாள் தையல்நாயகி. "ஒக்காருங்க. இருவது வருசம் களிச்சித்தான் வளி தெரிஞ்சிதா?" தையல்நாயகி படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் பார்த்தாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை: ஒரு தட்டு, ஒரு பாய், கொடியில் ஒருத்தியின் சேலைகள் மட்டும். அதை அவள் பார்ப்பதைச் சிங்காரவல்லி பார்த்துவிட்டாள். "ஒட்டுற ஆபரேசன் தஞ்சாவூருல பண்ணாங்க. உண்டாச்சி. நாலு மாசத்துல போயிடிச்சி. அப்பறம் இல்ல. அவரு காரைக்கால்ல ஒருத்தியக் கட்டிக்கிட்டாரு, ரெண்டு பையன்" என்றாள், யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி. இருபது வருஷத்து 'பிறந்திருக்கும்' ஒரு வாக்கியத்தில் முடிந்துபோயிற்று. அழுகை வரும் என்று தையல்நாயகி பயந்திருந்தாள், வரவில்லை. வெறும் வாயில் மணல் மாதிரி ஏதோ இருந்தது. "கல்யாண மண்டபத்துல உன்னைப் பார்த்தேன்" என்றாள். "பார்த்துட்டு, பின்பக்கமா போயிட்டேன்." சிங்காரவல்லியின் கை அப்போதுதான் நின்றது. "தெரியும். நீ சுத்திப் போனதப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். 'நீங்க' போய் 'நீ' வந்திருந்தது. "அப்பறமும் ரெண்டு வருசம் பாத்தேன், வருவேன்னு." "திட்டவா?" "பின்ன? திட்டத்தான். யாரப் போயித் திட்டுறது? கடலத் திட்டுனா அதுக்குக் கேக்குதா? அவரத் திட்டுனா அளுவுறாரு. சாமி ஒண்ணும் எங்கிட்ட வந்து கையப் புடிச்சி நான் பொறுப்புன்னு சொல்லல. நீதான் சொன்ன." "நான்தான் சொன்னேன்." "இப்ப வந்து குந்தியிருக்க, பொன்னாட போத்திக்கிட்டு." தையல்நாயகி அப்போதுதான் அது தோளில் கிடப்பதைக் கண்டு, இழுத்து மடியில் சுருட்டினாள். "இப்ப திட்டு" என்றாள்.

சிங்காரவல்லி இரண்டு இறாலை உரித்தாள். மூன்றாவதை உரிக்காமல் சட்டிக்குள் விட்டெறிந்தாள். பிறகு ஆரம்பித்தாள். நீ நல்லாயிருப்பியா என்று ஆரம்பித்தாள். ஒங்காலு அன்னைக்கு நடக்காமப் போயிருக்கக் கூடாதா, ஒன் நாக்குல புத்து வச்சிருக்கக் கூடாதா, ஒரு புள்ளயப் பெத்திருந்தா அந்த வார்த்த ஒனக்கு வந்திருக்குமாடி, ஒங்கணக்குக்கு எங்குடிதானா கெடச்சிது. குரல் ஏற ஏற எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "யாருக்கா அது?" என்றாள். "நாங்க பேசிக்கிட்டிருக்கோம், நீ போ" என்றாள் சிங்காரவல்லி, அதே மூச்சில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒவ்வொரு சொல்லும் எங்கே போய் விழ வேண்டுமோ அங்கேயே விழுந்தது. தையல்நாயகி தலையைக் குனியவில்லை. குனிந்தால் பாதி தன்மேல் படாமல் போய்விடும் என்று தோன்றியது. நடுநடுவே பிள்ளைகளும் வந்தார்கள்: கவியரசன் நீச்சல் தெரிந்தவன், தெரிந்தும் தங்கச்சியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தானாம், அப்படியேதான் எடுத்தார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. இந்த ஊரில் யாரிடமும் இதைச் சொல்ல முடியாது, எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பவும் திட்ட ஆரம்பித்தாள். ஒரு மணி நேரமோ, அதற்கு மேலுமோ. யாரும் தன்னிடம் இவ்வளவு நேரம் பேசி எத்தனை வருஷம் இருக்கும் என்று தையல்நாயகிக்கு ஒரு நினைப்பு ஓடிற்று. பாவி, இதிலும் உனக்கு ஒரு ஆதாயமா என்று தன்னையே வைதுகொண்டாள். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை. நிழல் படியை விட்டு நகர்ந்து வெயில் காலில் ஏறியபோது சிங்காரவல்லி ஓய்ந்தாள். முகத்தை முந்தானையால் துடைத்து, உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, தான் பாதி குடித்துவிட்டு மீதியை நீட்டினாள். தையல்நாயகி குடித்தாள். "நாலு மணிக்கு ஒரு பஸ்ஸு. அத விட்டா ஏளுதான்" என்றாள் சிங்காரவல்லி. தையல்நாயகி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வருகிறேன் என்று சொல்ல யார் அனுமதி கொடுத்தது? தெருமுனை வரைக்கும் போயிருப்பாள். பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அடுத்த வெள்ளிக்கெளம வா. இன்னும் இருக்கு."

தையல்நாயகி திரும்பி, வருகிறேன் என்றாள். காதில் விழவில்லையோ என்று, இன்னொரு தடவை உரக்கச் சொன்னாள்.